மும்பை மழையில் பேஸ் கிட்டார்களைக் காப்பாற்றி நண்பர்கள் கையில் கொடுப்பது எப்படி

செம்பூரில் எங்கள் வீட்டில் இப்போது ஐந்து பேஸ் கிட்டார்கள், அதாவது தாழ்ந்த சுரம் வாசிக்கும் நாலு கம்பி கிட்டார்கள், இருக்கின்றன. மாட்டுங்கா, சயான், முலுண்டு என்று ஆளுக்கொரு பக்கம் இருக்கும் ஏழெட்டுப் பேர் வருடத்துக்கு இரண்டு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். அவரவர் பேஸைக் கொண்டுவந்து, ஒருவர் வாத்தியத்தை இன்னொருவர் வாசித்துப் பார்த்து, சாயங்காலம் காபி குடித்துவிட்டுக் கலைவோம். முதல் கூட்டம் ஒரு செப்டம்பரில் நடந்தது. அன்று என் பெரிய கிட்டார்ப் பெட்டியை, அதாவது கேஸைத் திறந்தேன், உள்ளே இருந்த வெல்வெட் முழுக்கச் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சை, கம்பிகளில் துரு, கம்பிகளை உடலோடு பிணைக்கும் பிரிட்ஜின் திருகுகள் பச்சை பிடித்திருந்தன. நாலு மாதம் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் மூடிவைத்திருந்தேன். அதிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம், மழைக்காலத்தில் கேஸை மூடியே வைக்காதீர்கள். வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்து அரைமணி நேரம் வாசியுங்கள். மரத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், ஜூலையில் இங்கே அது சாதாரணமாக 80-ஐத் தாண்டும். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது, ஒன்று வாங்கி கிட்டார் இருக்கும் அறையிலேயே வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டி மட்டும் எதையும் சாய்க்க வேண்டாம். பழைய கட்டடங்களில் அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் காக்கும். உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்த்தி வைத்தால் நல்லது. கேஸுக்குள் சிலிக்கா ஜெல் போடுவதானால் ஆரஞ்சு நிற மணிகளை வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகிவிடும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

ஸ்டாண்டில் நிறுத்துகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பழைய கிட்டார்களிலும் சில விலை உயர்ந்த புதியவற்றிலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூச்சு இருக்கும். ஸ்டாண்டின் ரப்பர் அதோடு வினைபுரிந்து பூச்சை இளக்கி அழியாத தடம் விட்டுவிடும். ரப்பர் மேல் பருத்தித் துணி சுற்றிவிட்டால் போதும்.

துணி என்றதும் நினைவுக்கு வருகிறது, துடைக்க நான் கண்ட மிகச் சிறந்த துணி, பலமுறை துவைத்து நைந்த எட்டு முழ வேட்டிதான். கைக்குட்டை அளவுக்குக் கிழித்து ஒவ்வொரு கேஸிலும் ஒன்று வைத்திருக்கிறேன். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணிக்குள் பிடித்து மேலிருந்து கீழ்வரை ஒரு இழுப்பு, பிறகு துணியைக் கம்பிகளுக்கு அடியில் விட்டு இன்னொரு இழுப்பு. உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் மேலே உருண்டையான இழை சுற்றிய சாதாரணக் கம்பி ஒரே மாதத்தில் மந்தமாகிவிடுகிறது. தட்டையான இழை சுற்றிய ஃப்ளாட்வுண்ட் கம்பிகளில் இந்தத் தொல்லை குறைவு, மேற்பரப்பு வழுவழுவென்று இருப்பதால் அழுக்கு தங்க இடமில்லை. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸில் ஃப்ளாட்வுண்டைத்தான் போட்டிருந்தார், அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள். ஆக்டிவ் பேஸ், அதாவது உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ள பேஸ், வைத்திருப்பவர்கள் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். கேபிள் செருகியிருக்கும்வரை உள்ளே 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். மாதக்கணக்கில் வாசிக்கப் போவதில்லை என்றால் பேட்டரியையே எடுத்துவிடுங்கள், அது கசிந்தால் உள்ளிருக்கும் சர்க்யூட் போய்விடும்.

இனி நெக், அதாவது கிட்டாரின் கழுத்து. நாலு கம்பிகளும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 75 கிலோ விசையோடு இழுக்கின்றன. அதற்கு எதிராக உள்ளே நிற்கும் உலோகத் தண்டுதான் ட்ரஸ் ராட். காற்றில் ஈரம் மாறும்போது நெக்கின் வளைவும் மாறும், எந்தப் பக்கம் என்பது மரத்தைப் பொறுத்தது, ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும். கம்பிகளைச் சுருதி சேர்த்துவிட்டு முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வி, போடுங்கள். நெக் உடலோடு சேரும் இடத்தில் உள்ள ஃப்ரெட்டில் தடித்த கம்பியை அழுத்திப் பிடியுங்கள். இப்போது ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைய வேண்டும், அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர். கார்டு நுழையவே இல்லையா, நெக் நேராகிவிட்டது அல்லது பின்னால் வளைந்திருக்கிறது. தாராளமாக நுழைகிறதா, முன்னால் வளைந்திருக்கிறது, ட்ரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் மறுபடி அளங்கள். ராடைத் திருப்பும் ஆலன் கீ (அறுகோணச் சாவி) அங்குல அளவில் போட வேண்டிய இடத்தில் மில்லிமீட்டர் கீயைத் திணித்தால் உள்ளே அறுகோணத் துளை உருண்டுவிடும், அதற்குப் பிறகு செலவு பெரியது. கீ கெட்டியாக நிற்காமல் ஆடினாலே நிறுத்திவிட்டு வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். மழை நின்ற அக்டோபரும், வெயில் ஏறுவதற்கு முன் பிப்ரவரியும் எங்களுக்குத் தோதாக இருக்கின்றன. லோக்கல் ரயிலில் வருவதானால் ஞாயிறு காலை பாருங்கள், ஹெட்ஸ்டாக் (நெக்கின் நுனியில் உள்ள தலைப்பகுதி) மேலே இருக்கும்படி முன்பக்கம் அணைத்துப் பிடியுங்கள், முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினால் கதவின் மேல்விளிம்பில் இடிக்கும். ஏசி வண்டியில் வந்திருந்தால் கேஸை உடனே திறக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வர அரைமணி விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த பூச்சின் மேல் நீர் பூக்கும். ஆம்பை, அதாவது பேஸின் ஒலிபெருக்கியை, தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியில் வையுங்கள். தடித்த 'E' கம்பியின் ஒலி 41 ஹெர்ட்ஸ், அது தளம் வழியாகக் கீழ்வீட்டுக்கு நேராகப் போகும். இரவு பத்து மணிக்கு மேல் ஹெட்ஃபோன்தான், சொசைட்டியில் யாரும் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது.

எங்களுக்குள் சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். கேஸைத் திறப்பதும் வாத்தியத்தை வெளியே எடுப்பதும் உரியவர் மட்டுமே. வாசிக்க வாங்குகிறவர் கை கழுவி, மோதிரம் கழற்றி, பெல்ட் பக்கிளைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, கை இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தபிறகுதான் கேட்க வேண்டும். முதல் கேள்வி விலையாக இருக்கக் கூடாது. "அண்ணா, இது எப்படி உங்க கைக்கு வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகமே மாறிவிடும். எங்கள் கூட்டத்தில் மூத்தவர், எழுபதைத் தொடுகிறவர், கொல்கத்தாவில் செய்த மலிவான பேஸ் ஒன்றைக் கொண்டுவருவார். கல்யாணக் கச்சேரிகளில் இருபது வருடம் வாசித்தது. கட்டைவிரல் ஊன்றிய இடத்தில் பூச்சு போய், மரமும் குழிந்து, ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. அங்கே என் விரலை வைத்தால் தானாகவே பொருந்துகிறது. லட்ச ரூபாய் வாத்தியங்கள் வரிசையாக நிற்கும் அறையில் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்டு வாங்குகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஆம்ப், அதே அமைப்பு, அதே எட்டு மாத்திரை இசை வரி, எல்லா பேஸிலும். அப்போதுதான் வித்தியாசம் காதில் விழும். லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த ப்ரிசிஷன், நடுவில் நின்று தடிமனாகப் பேசும். 1960-ல் வந்த ஜாஸ் பேஸின் நெக், மேலே கம்பிகள் தொடங்கும் நட் பக்கம் 38 மில்லிமீட்டர் அகலந்தான், சின்னக் கைக்காரர்கள் அதைத் தொட்டதும் சொந்தம் கொண்டாடுவார்கள். கம்பியின் அதிர்வை மின் ஒலியாக்கும் இரண்டு பிக்கப்பில் பிரிட்ஜ் பக்கத்தை மட்டும் திறந்தால் மூக்கால் பாடுவதுபோல் ஒரு சாயல் வரும். மியூசிக் மேன் கம்பெனியின் 1976 ஸ்டிங்ரே, பிரிட்ஜ் பக்கம் பிக்கப் இருப்பதால் பளீரென்று வெட்டும். வயலின் வடிவ ஹோஃப்னர் பேஸில் வாசிக்கும் கம்பியின் நீளம் 30 அங்குலந்தான், மடியில் வைத்தால் பூனை மாதிரி லேசு. இளையராஜா பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, பேஸ் என்பது பின்னால் நிற்கும் ஓசை அல்ல, தனியாக ஒரு மெட்டு. ஆகவே வரியைத் தேர்ந்தெடுக்கும்போது மூல சுரத்தை மட்டும் தட்டாமல் சுரத்துக்குச் சுரம் கொஞ்சம் நடக்கிற வரியாக எடுங்கள். நெக்கின் மேல் விரல் ஓடும் பலகையான ஃபிரெட்போர்டு கறுப்பும் ஊதாவும் கலந்த ரோஸ்வுட்டாக இருந்தால் அதையும் நின்று பாருங்கள், பெரும்பாலும் அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான்.

படம் எடுக்க மேகமூட்டமான மதியம் ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். முன், பின், ஹெட்ஸ்டாக், கழுத்து சேருமிடம், தேய்ந்த இடங்கள். சீரியல் எண் தெரியும் படத்தை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு நோட்டில் ஒவ்வொரு பேஸுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எடை, கம்பி மாற்றிய தேதி, ட்ரஸ் ராட் எத்தனை சுற்று, யாரெல்லாம் வாசித்தார்கள் என்று எழுதிவையுங்கள். எடைக்கு வீட்டுத் தராசில் கிட்டாரோடும் இல்லாமலும் ஏறி இறங்கினால் போதும். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேக்கோ பாஸ்டோரியஸின் பேஸ் 1986-ல் திருடுபோய் இருபது வருடத்துக்குப் பிறகுதான் வெளிவந்தது. திருட்டுப் புகாருக்கும் இன்சூரன்சுக்கும் இந்தப் படமும் நோட்டும்தான் கைகொடுக்கும்.

எல்லோரும் கிளம்பியதும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கம்பிகளைத் துடைத்துவிட்டுத்தான் கேஸில் வைக்க வேண்டும், அன்று பத்துக் கை பட்டிருக்கும். மூடும்முன் சிலிக்கா பையைப் பாருங்கள். மணிகள் பச்சையாக இருந்தால் பையிலிருந்து கொட்டி, சமையலுக்கு எடுக்காத ஒரு தட்டில் பரப்பி, ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள், ஆரஞ்சு திரும்பிவிடும்.