பெடல் 210 காட்டுது, ட்ரெயினர் 204 காட்டுது: எது சரி?

சைக்கிளை எத்தனை வாட்ஸில் மிதிக்கிறீர்கள் என்று பெடலில் இருக்கும் பவர் மீட்டரும் சொல்லும், சைக்கிளை வீட்டில் நிறுத்தி ஓட்ட உதவும் ட்ரெயினரும் சொல்லும். இரண்டும் வேறு எண் காட்டினால், எது சரி என்று கேட்பதற்கு முன்னால், வித்தியாசம் எந்த மாதிரி விழுகிறது என்று பாருங்கள். ரைடு முழுக்க ஒரே சதவீதம் தள்ளி நிற்கிறதா? நேரம் போகப் போக விலகுகிறதா? கிராஃப் இரண்டும் ஒத்துப்போய், சராசரி மட்டும் மாறுகிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

<b>ஒரே சதவீதம் தள்ளி நின்றால்</b>

பெடல் மீட்டர் கால் மிதிக்கும் இடத்திலேயே அளக்கிறது. ட்ரெயினர், செயினும் பல்சக்கரமும் தின்றது போக மிச்சத்தை அளக்கிறது. அந்த இழப்பு 2 முதல் 4 சதவீதம். ஆக, தலைப்பில் உள்ள 210-ம் 204-ம் இரண்டுமே சரிதான். ட்ரெயினர் 215 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். செயின் பவரைத் தின்னுமே ஒழிய கூட்டிக் கொடுக்காது.

இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) மட்டும் மாட்டும் மீட்டர் இடது காலை அளந்து இரண்டால் பெருக்குகிறது. இடது 96, வலது 104 போடுகிறவருக்கு அது 192 காட்டும், நிஜம் 200. களைப்பில் இந்த விகிதம் மாறும் என்பதால், நிரந்தரமாக இத்தனை சதவீதம் கூட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்ல முடியாது.

நிறையப் பேர் கோட்டை விடுவது கிராங்க் நீளத்தில். பெடல் மீட்டருக்கு அது தானாகத் தெரியாது. 165 மி.மீ. கிராங்கில் மாட்டிவிட்டு 172.5 என்றே விட்டிருந்தால் 200 வாட்ஸ் 209 ஆகிவிடும். கிராங்கின் உள்பக்கம், பெடல் மரைக்குப் பக்கத்தில் நீளம் பொறித்திருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். செயலியிலும் சைக்கிள் கம்ப்யூட்டரிலும் அதே எண்ணைப் போடுங்கள்.

அதற்கும் தீராவிட்டால் எடைக்கல் சோதனை. மண்டிக்கடையில் முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கல் கிடைக்கும். அரிசி மூட்டையை வீட்டுத் தராசில் நிறுத்துத் தொங்கவிடாதீர்கள். அரை கிலோ பிசகினாலே 2.5 சதவீதம் போச்சு. முன் சக்கரத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்து, பின் பிரேக்கை லிவரோடு இறுகக் கட்டுங்கள். எடை இல்லாமல் ஜீரோ செய்யுங்கள், அதாவது பாரமில்லாத நிலைதான் பூஜ்யம் என்று செயலி வழியாக மீட்டருக்குச் சொல்லுங்கள். கிராங்கை முன்பக்கமாகப் படுக்கையாக நிறுத்தி, பெடலின் நடுவில் பட்டை போட்டுக் கல்லைத் தொங்கவிடுங்கள். கல் தொங்கியதும் கிராங்க் கொஞ்சம் இறங்கும். ரசமட்டம் வைத்து மறுபடி சரிசெய்யுங்கள். 10 டிகிரி சாய்ந்தால் 1.5 சதவீதம் குறைத்துக் காட்டும். 170 மி.மீ. கிராங்கில் வர வேண்டிய டார்க், அதாவது திருப்பு விசை: 20 × 9.8 × 0.170 = 33.3 நியூட்டன் மீட்டர். செயலியின் டார்க் பக்கத்தில் 34 வந்தால் மீட்டர் 2 சதவீதம் கூட்டிச் சொல்கிறது. டார்க் காட்டாத மாடலில் இந்தச் சோதனை நடக்காது.

<b>போகப் போக விலகினால்</b>

உள்ளே இருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ், உலோகத்தின் நுண்ணிய வளைவை அளப்பது. வெப்பம் மாறினால் அதன் பூஜ்யமும் நகரும். மார்கழி விடியலில் சைக்கிளை வீட்டுக்குள்ளிருந்து எடுத்தவுடன் ஜீரோ போட்டுக் கிளம்பாதீர்கள். 10, 15 நிமிஷம் வாசலில் நிற்கட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினால் உயரம் சுமார் 1500 மீட்டர் கூடுகிறது, வெப்பம் 9, 10 டிகிரி இறங்கிவிடும். வெப்பத்தைத் தானே சரிக்கட்டும் மீட்டர்கள் உண்டு. ஆனாலும் பர்லியாறில் டீக்கு நிற்கும்போது ஒரு தடவை ஜீரோ செய்துவிடுங்கள். காலை எடுத்துவிட்டு, கிராங்கைத் தயாரிப்பாளர் சொன்ன நிலையில் அசையாமல் வைத்துச் செய்ய வேண்டும். வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் அது எக்கச்சக்கமாகத் தாவியிருந்தால் பேட்டரியையும் பெடல் இறுக்கத்தையும் பாருங்கள்.

ட்ரெயினருக்கும் இதே கதை. 10 நிமிஷம் ஓட்டிச் சூடான பிறகே ஸ்பின்டவுன் (வேகமாகச் சுழற்றி, தானாக நிற்க விட்டு ட்ரெயினரைச் சரிபார்ப்பது).

<b>சராசரி மட்டும் மாறினால்</b>

மீட்டரைத் திட்டாதீர்கள், இது கூட்டிக் கழித்ததில் வந்தது. ஒரு மணி நேரத்தில் 50 நிமிஷம் 180 வாட்ஸில் மிதித்து, 10 நிமிஷம் மிதிக்காமல் உருண்டால், பூஜ்யத்தைச் சேர்த்தால் சராசரி 150, விட்டால் 180. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தவருக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிசாகும். பூஜ்யம் சேர்ப்பதா வேண்டாமா என்று கம்ப்யூட்டரில் ஒரு செட்டிங் இருக்கும்; 'சேர்' என்பதே எங்கள் கட்சி. மிதிப்பின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுத்துப் போடும் சராசரிகளும் உண்டு: கார்மின் கம்ப்யூட்டரின் நார்மலைஸ்டு பவரும் ஸ்ட்ராவா செயலியின் வெயிட்டட் ஆவரேஜும் வேறு வேறு சூத்திரம். இரண்டையும் ஒப்பிடுவதே தப்பு.

மீட்டர் இல்லாத ரைடுக்கு ஸ்ட்ராவா போடும் வாட்ஸ் வெறும் மதிப்பீடு. வேகம், எடை, ஏற்றம் பார்த்துச் சொல்கிறது. காற்று அதன் கணக்கில் இல்லை. ஆடி மாசம் பல்லடத்திலிருந்து கோவைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எதிர்த்து 200 வாட்ஸ் போட்டு வந்தாலும், நீங்கள் சும்மா உலாத்தியதாக எழுதிவிடும்.

<b>ஒப்பிடும் முறை</b>

பெடலை ஒரு கருவியிலும் ட்ரெயினரை இன்னொன்றிலும் பதிவு செய்யுங்கள். இரண்டிலும் ஒரு வினாடிக்கு ஒரு பதிவு என்று வையுங்கள். ட்ரெயினர் செயலியில் இஆர்ஜி ஸ்மூத்திங்கை (குறித்த வாட்ஸிலேயே ஓட்டவைக்கும் முறையில் ஏற்ற இறக்கத்தை மழுப்பிக் காட்டுவது) அணையுங்கள். இல்லாவிட்டால் நேர்கோடு வரும், அது நிஜமில்லை. 150, 200, 250 வாட்ஸில் மும்மூன்று நிமிஷம் மிதித்து, ஒவ்வொன்றிலும் கடைசி 2 நிமிஷச் சராசரியை மட்டும் எடுங்கள். 10 வினாடி ஸ்பிரின்ட்டில் வரும் வித்தியாசத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். ட்ரெயினருக்குள் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் வேகம் பிடிக்கும் வரை ட்ரெயினர் பின்தங்கித்தான் காட்டும்.

ரோட்டில் பெடலையும் வீட்டில் ட்ரெயினரையும் வைத்து எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய அதிகபட்ச வாட்ஸ்) பார்க்கிறவர்கள், வீட்டில் ஓட்டுவதற்கான ஸ்விஃப்ட் செயலியில் பவர் சோர்ஸாகப் பெடலையும், எதிர்ப்பை மாற்றும் கன்ட்ரோலபிளாக ட்ரெயினரையும் இணையுங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே அளவுகோலாகிவிடும்.