கடல் காற்றுப்பட்ட பழைய பிலிம் கேமராவைச் சரிசெய்வது எப்படி?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வீடு என்றால் உப்பும் ஈரமும் பீரோவுக்குள்ளேயே வந்துவிடும். அங்கே வருடக்கணக்கில் கிடந்த யாஷிகாவோ பென்டாக்ஸ் கே1000-ஓ கைக்குக் கிடைத்தால் உடனே பிலிம் போடாதீர்கள். இன்று பிலிம் விற்கிற விலைக்கு ஒரு ரோல் வீணானாலும் வயிறு எரியும்.

முதலில் பின்கதவைத் திறந்து, கதவு பொருந்தும் பள்ளத்தைப் பாருங்கள். வெளிச்சம் புகாமலிருக்க அங்கே கறுப்பு ஃபோம் வைத்திருப்பார்கள். வயதான ஃபோம் தார் மாதிரி உருகிக் கிடக்கும். பல்குச்சியால் தொட்டால் இழுபடும். படத்தின் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

திறந்த பக்கம் தரையைப் பார்க்கும்படி கேமராவைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள்; பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் திரையான ஷட்டர் மேல் துணுக்குகள் விழாது. மிச்சப் பிசினை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பட்ஸால் துடையுங்கள். ஷட்டர் திரையில் விரல்கூடப் படக்கூடாது. காய்ந்ததும் பள்ளத்தில் கறுப்பு உல்லன் நூலைப் பதித்து அழுத்துங்கள். கீல் பக்கம் மட்டும் ஒட்டும் ஃபோம் பட்டை வேண்டும். கதவை மூட பலம் போட வேண்டியிருந்தால் நூல் தடிமன், மாற்றுங்கள்.

லென்ஸைக் கழற்றினால் உள்ளே தெரியும் முகம் பார்க்கிற மாதிரியான கண்ணாடியைத் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். அதன் பளபளப்புப் பூச்சு முன்பக்கமே இருக்கிறது, கீறல் விழுந்தால் போகாது. காற்று ஊதும் ரப்பர் பந்தால் தூசியை ஊதிவிட்டால் போதும்.

பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் பட்ஸில் ஒரு சொட்டு வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கே1000-க்கு எல்ஆர்44 பேட்டரி ஒன்று. அது வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி இல்லாமலும் ஷட்டர் இயங்கும்.

அப்புறம் லென்ஸ். டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே கிளைகிளையாக மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை. லென்ஸைப் பிரிப்பது புதியவர் வேலையல்ல, மெக்கானிக்கிடம் கொடுங்கள். பூஞ்சை வராமலிருக்க, தோல் உறையில் வைக்காமல் மூடி இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது ரொம்ப முக்கியம்.

சரி, இனி சோதனை. ஒரு ரோல் போட்டு, நடுவில் கேமராவைச் சில நிமிடம் வெயிலில் வைத்துவிட்டு அடுத்த படம் எடுங்கள். லென்ஸ் வழியே பிம்பம் தலைகீழாகத்தான் விழும். அதனால் படத்தின் அடியில் கோடு வந்தால், ஓட்டை கேமராவின் மேல் பள்ளத்தில். அந்த நூலை மட்டும் மாற்றினால் போதும்.