வேலியோர மஞ்சள் பூக்களை வீட்டில் வளர்ப்பது எப்படி?

மஞ்சள் பூச்செடி கேட்டு நர்சரிக்குப் போனால், பெரும்பாலும் மஞ்சள் அரளியோ தரையில் படரும் சிங்கப்பூர் டெய்சியோதான் கையில் வரும். இரண்டுமே அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை. நம் சமவெளிக்கே உரிய, ஒரு முறை வேர்பிடித்தால் வருடக்கணக்கில் நிற்கும் செடிகள் வேலியோரத்தில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. என்னைக் கேட்டால் ஆவாரையில் தொடங்குங்கள்.

ஆவாரையை வேரோடு பிடுங்கி வராதீர்கள். ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும். அது அறுந்தால் பிழைப்பது அரிது. தட்டையான காய்கள் பழுப்பாகிக் காகிதம் போலக் காய்ந்ததும் விதை எடுங்கள். ஒரே செடியை மொட்டையடிக்காமல் பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிப்பது நல்லது. காப்புக் காட்டுக்குள் மட்டும் எதையும் எடுக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம்.

விதைத்தோல் ரொம்பக் கெட்டி. தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் விதையைப் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவை முளைக்கத் தயார். உப்பாதவற்றை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம்.

புரட்டாசிக் கடைசியில், வடகிழக்கு மழைக்கு முன்னால், செடி நிரந்தரமாக நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுவதுதான் சிறந்தது. நாற்றுப் பையில் போடுவதானால் உயரமான பையாக எடுத்து, வேர் அடியைத் தொடுவதற்குள் நட்டுவிடுங்கள். நாள் முழுக்க வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. உரம் வைக்காதீர்கள், வைத்தால் இலைதான் மதர்க்கும். முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது தண்ணீர் விடுங்கள். அப்புறம் அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். ஆடு மாடும் பொதுவாக அதில் வாய் வைக்காது. பூத்து ஓய்ந்ததும் கிளைகளைப் பாதியாக வெட்டிவிட்டால், புதுத்தளிரின் நுனியில் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

எனக்கு இந்தச் செடி மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணம் அதில் வரும் கருவண்டு. ஆவாரம்பூவில் மகரந்தம் வெளியே தெரியாது; மகரந்தப் பைகளின் நுனித் துளை வழியாகத்தான் உதிரும். வண்டு பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைக்கும், ரீங்காரம் சட்டென்று மாறும், தூள் கொட்டும். ஒரு காலையாவது பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். இலையில் பச்சைப் புழுக்களைப் பார்த்தால் மருந்து அடிக்காதீர்கள். வெளிர் நிறப் பட்டாம்பூச்சிகளின் குட்டிகள் அவை. செடி மறுபடி தழைத்துவிடும். கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்ட எங்கள் தெருவே இந்தப் பூவைத் தேடும். வீட்டில் ஒன்று நின்றால் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம்.

துத்திக்கும் இதே விதை வைத்தியம்தான். பல்சக்கரம் போன்ற காய் கருத்ததும் உதிர்த்தெடுங்கள். பூ பிற்பகலுக்கு மேல்தான் விரியும் என்பதால், சாயங்காலம் உட்காரும் இடத்தருகே நடுங்கள். செம்முள்ளி இன்னும் சுலபம்: மழைக்காலத்தில் முற்றிய தண்டை ஒடித்து ஊன்றினால் போதும். முள் இருக்கிறது, எனவே குழந்தைகள் ஓடும் பாதையில் வேண்டாம்; வேலிக்கு அருமை.

தரையில் படர வேண்டுமா? மஞ்சள் கரிசலாங்கண்ணியைத் தேடுங்கள். இங்கேதான் கவனம் தேவை, ஏனென்றால் சிங்கப்பூர் டெய்சியும் பார்க்க அதே சாயல். டெய்சியின் இலை அகலமாக, மூன்று மடலாகப் பிரிந்து மினுமினுக்கும். நம்முடையது குறுகி நீண்டு, மடல் பிரியாமல் இருக்கும். பூவும் சற்றுச் சிறியது. டெய்சி உலகின் மிக மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் 100 கொண்ட பட்டியலில் இருக்கிறது. வாய்க்கால் கரைக்கு அதைத் தப்பவிடாதீர்கள். கரிசலாங்கண்ணிக்கு ஈரம் வேண்டும். கணுவோடு ஒரு தண்டை வெட்டி, கை கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.

நிழல் மட்டுமே இருக்கிறது என்பவர்களுக்கு நிலப்பனை. தரையை ஒட்டியே ஆறிதழ் நட்சத்திரம் போலப் பூக்கும். கிழங்குக்காக இதை நிறையத் தோண்டிவிடுகிறார்கள், எனவே காட்டிலிருந்து எடுக்காமல் மூலிகைப் பண்ணையில் வளர்த்த செடியாகக் கேட்டு வாங்குங்கள். வறண்ட கோடையில் இலை காய்ந்துபோனாலும் கிழங்கு உயிரோடுதான் இருக்கும். மழை வரும்வரை அந்த மண்ணைக் கிளறாதீர்கள்.