ரிலே வாங்கும் முன் விளக்கைப் பாருங்கள்

தீபாவளிக்கு வாசல் விளக்குகளை இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிச் சில்லை வைத்துத் தானாக எரியவிடலாம் என்று கோலாலம்பூர் புடு ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் பக்கம் கிளம்புகிறீர்களா? ஒரு நிமிடம்.

ரிலே என்பது சின்ன சிக்னலால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். கடையில் கிடைக்கும் அந்த நீல நிற ரிலேயின் தலையில் ‘10 ஆம்பியர், 250 வோல்ட்’ என்றிருக்கும். அது ஹீட்டர் மாதிரியான சுமைக்கான கணக்கு. எல்இடி விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவருக்குள், மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் இருக்கிறது. அது, சுவிட்ச் போட்ட கணத்தில் மின்சாரத்தை மடமடவென்று குடிக்கும். நம் 230 வோல்ட்டில் பத்துப் பன்னிரண்டு விளக்குகளை ஒரே ரிலேயில் கோத்தால், உள்ளே தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளலாம். எனக்கு அப்படித்தான் ஆனது. விளக்கு அணையவில்லை, நான் புரோகிராமைக் குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் பிடியால் ரிலேயை ஒரு தட்டு தட்டியதும் ‘டிக்’ என்று விட்டது! விளக்குகளை இரண்டு மூன்று ரிலேக்களுக்குப் பிரித்துவிடுங்கள், அல்லது தொடக்க மின்னோட்டம் எவ்வளவு தாங்கும் என்று டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், இஎஸ்பி32 தருவது 3.3 வோல்ட்தான். சில 5 வோல்ட் ரிலே மாட்யூல்கள் அந்த சிக்னலில் சரியாக அணையாது, கடையிலேயே கேட்டுவிடுங்கள். ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) ஒவ்வொன்றும் சுமார் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். நான்கு ரிலே என்றால் தனி அடாப்டர் நல்லது.

12 வோல்ட் எல்இடி பட்டைக்கு ரிலேயே வேண்டாம், மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் போதும். மலிவான ஐஆர்எஃப்520 வகை மட்டும் வேண்டாம், 3.3 வோல்ட் சிக்னலுக்கு அது மின்சாரத்துக்கு முழுதாக வழி விடாது.

230 வோல்ட் பக்கத்து வயரிங்கை மட்டும் பதிவு பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.