கேரவன் வேனில் ராமநாதபுரம் கரையோரம்: தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு வேனையே வீடாக்கிக்கொண்டு கிளம்பிவிடும் கணவன் மனைவியரை இப்போது நம் ஊர்ச் சாலைகளிலும் பார்க்க முடிகிறது. டெம்போ டிராவலரில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு கட்டில், இரண்டு பர்னர் அடுப்பு, ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு கழிப்பறை, கூரையில் சோலார். அவசரமே இல்லாத பயணம். பிடித்த ஊரில் நாலு நாள் கூடுதலாக இருக்கலாம். பிள்ளைகளும் அக்கா தங்கைகளும் நடுவழியில் வந்து சேர்ந்து, கூட இருந்துவிட்டுப் போகலாம்.

அப்படி ஊர்வதற்கு ராமநாதபுரம் கரை நன்றாகவே பொருந்தும். வடக்கே தொண்டிப் பக்கம் நுழைந்து தெற்கே சாயல்குடி தாண்டும்வரை சாலை தட்டையாகக் கிடக்கும். மலை இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை. ஓட்டுவதில் இங்கே யாரும் பெரிதாகத் திணறுவதில்லை. எங்கே நிறுத்துவது, எந்தக் காற்றில் நிறுத்துவது, யாரை எப்போது வரச் சொல்வது, இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

நேராக ராமேஸ்வரத்துக்குள் போய் நிற்பது

ராமநாதபுரம் மாவட்டம் என்றதும் வண்டியை நேராக ராமேஸ்வரம் ஊருக்குள் கொண்டுபோய்விடுவார்கள். ரத வீதிகள் கேரவனுக்கானவை அல்ல. வெளியே நிறுத்தச் சொல்வார்கள். அங்கே யாத்திரைப் பேருந்துகள் விடிய விடிய வந்துபோகும், ஹாரன் ஓயாது. இரண்டாம் நாளே அம்மாவுக்குத் தலைவலி, ஐயாவுக்கு எரிச்சல். அப்புறம் "ராமேஸ்வரம் சரியில்லை" என்று ஊருக்கெல்லாம் சொல்வார்கள்.

கோயிலுக்கு ஒரு நாள் ஒதுக்கினால் போதும். அதிகாலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், பிறகு பிராகாரங்களை நிதானமாக ஒரு சுற்று. மதியம் நடை சாத்தினால் 3 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் நடுப்பகலில் போய் நிற்க வேண்டாம். வேனைத் தீவுக்கு இந்தப் பக்கம், மண்டபத்திலோ அரியமான் சவுக்குத் தோப்புப் பக்கமோ நிறுத்திவிட்டு, ரயிலிலோ பேருந்திலோ போய்வருவது எவ்வளவோ நிம்மதி. 1914-இல் திறந்த பழைய பாலத்துக்குப் பதிலாகப் பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ரயில் போகும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கத்தை மட்டும் யாரும் பழகிக்கொள்ள வேண்டாம். உங்கள் வேன் அடைத்துக்கொள்ளும் இடத்துக்குப் பின்னால் பேருந்தும் ஆம்புலன்சும் நிற்கும்.

பெயர் பெற்ற இடங்களை எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட நினைப்பதும் இதே வகைதான். காலையில் தேவிபட்டினம் நவபாஷாணம், பத்து மணிக்கு உத்தரகோசமங்கை, பன்னிரண்டுக்கு திருப்புல்லாணி, மாலையில் ஏர்வாடி தர்கா என்று ஓடுவதற்கு வாடகைக் காரே போதுமே. வேன் இருப்பதன் பலன், யாரும் நிற்காத இடத்தில் நிற்க முடிவதுதான். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறை அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறது. அங்கிருந்து உள்ளே போனால் ஓரியூர். 1693-இல் போர்ச்சுகீசியப் பாதிரியார் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம். அங்குள்ள மணலின் சிவப்பு அவர் ரத்தத்தால் வந்தது என்று ஊர் நம்புகிறது. கார்த்திகை முதல் மாசி வரை, கண்மாயில் தண்ணீர் நிற்கும் ஆண்டுகளில், ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டையிலேயே நாள் முழுக்கப் பறவை பார்த்துக்கொண்டிருக்கலாம். உத்தரகோசமங்கைக்குப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொண்டு போவது நல்லது. மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பில்தான் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பு களைவார்கள். அந்த நாளில் வேனோடு போனால் ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

காற்றைக் கேட்காமல் கரையைத் தேர்ந்தெடுப்பது

இங்கே கடல் ஒன்றல்ல, இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடியில் ஒன்றைப் பெண் கடல், மற்றதை ஆண் கடல் என்பார்கள். ஆனால் எது எப்போது அடங்கியிருக்கும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை தென்பக்கம் கொந்தளிக்கும்; அப்போது அரியமான், தேவிபட்டினம், தொண்டி என்று வடகரையில் இருங்கள். ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால் கணக்கு மாறும். வடகடல் பொங்கும், சேதுக்கரையும் கீழக்கரையும் வாலிநோக்கமும் சாதுவாகிவிடும். இணையத்தில் பார்த்த அழகான படத்தை நம்பி ஆடி மாதத்தில் தெற்குக் கரையில் வேனைப் போட்டவர்கள், இரவெல்லாம் வண்டி ஆடுவதைத் தாலாட்டு என்று நினைத்துத் தூங்க வேண்டியதுதான்.

உயரமான வேனுக்குப் பக்கக் காற்று சாதாரண விஷயம் இல்லை. காற்று மிஞ்சினால் ரயிலையே நிறுத்திவைக்கும் இடம் பாம்பன். பலத்த காற்றில் சாலைப் பாலத்தைக் கடக்க நேர்ந்தால் வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். எதிரே பேருந்து கடக்கும் கணத்தில் காற்று தடைபட்டு மறுபடி அறையும். நிறுத்தும்போது வண்டியின் மூக்கு காற்றுக்கு எதிரே இருக்கட்டும். பக்கவாட்டில் விரிக்கும் கூரைத்துணியை விரித்தபடி விட்டுவிட்டுக் கடலில் கால் நனைக்கப் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிவிப்பைக் காலையும் மாலையும் பார்ப்பது வழக்கமாகட்டும். 1964 டிசம்பரில் ஒரே இரவில், ஓடிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலோடு தனுஷ்கோடி ஊரே புயலில் அழிந்துபோனது இந்தக் கரையில்தான். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் மதுரைப் பக்கம் கிளம்பிவிடுங்கள், வேடிக்கை வேண்டாம்.

மணலும் முள்ளும்

தனுஷ்கோடி அரிச்சல்முனைச் சாலை 2017-இல் திறந்தது. அதற்குப் பிறகு எந்த வண்டியும் நுனிவரை போகலாம் என்றாகிவிட்டது. போகலாம், ஆனால் ஓரம் கட்டக் கூடாது. தாருக்கும் மணலுக்கும் நடுவே அங்கே கோடு கிடையாது. ஓரத்தில் ஒரு சாண் மணல் படர்ந்திருக்கும்; அடியில் தார் இருக்கும் என்றுதான் தோன்றும். பின்சக்கரம் அதில் இறங்கியதும் வண்டி லேசாகச் சாயும். உடனே பதறி ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார்கள். சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். இரண்டு மிதியில் ஆக்ஸில் மணலில் உட்கார்ந்துவிடும். மனைவி ஜன்னலில் தலையை நீட்டி "ஏங்க, மிதிக்காதீங்க" என்று சொல்லும்போது கேட்டுவிடுவது உத்தமம்.

மாட்டிக்கொண்டால் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்குங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் மணலைக் கையால் வாரித் தள்ளுங்கள். டயரில் மூன்றில் ஒரு பங்கு காற்றை இறக்கி, சக்கரத்துக்கு அடியில் சாக்கோ ரப்பர் மிதியடியோ செருகி, இரண்டாவது கியரில் மெல்ல எடுங்கள். வெளியே வந்ததும் காற்றைத் திரும்ப ஏற்ற ஒரு 12 வோல்ட் பம்ப் வண்டியில் இருக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மீனவர்கள் கயிறு கட்டி இழுத்துவிடுவார்கள். அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் டீச்செலவுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். தனுஷ்கோடியில் இரவு தங்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். மாலையோடு வண்டிகளை உள்ளே விடுவதை நிறுத்தி, உள்ளே இருப்பவர்களையும் வெளியேற்றிவிடுவார்கள். நுனியில் நீரோட்டம் இழுக்கும். பேரப்பிள்ளைகளை இடுப்பளவுத் தண்ணீரில் கூட இறக்காதீர்கள்.

முள்ளைப் பற்றி வெளியூர்க்காரர்கள் யோசிப்பதே இல்லை. இந்த மாவட்டத்தில் நிழல் என்றால் பெரும்பாலும் சீமைக் கருவேல நிழல்தான். அதன் அடியில் போய் நிறுத்தினால், காய்ந்து உதிர்ந்த முள் டயரின் பக்கச் சுவரில் ஏறும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து சிக்கல் என்ற ஊரைத் தாண்டி எங்கோ வெட்டவெளியில் காற்று இறங்கியிருக்கும். பனை நிழல் மெல்லியதுதான், ஆனால் அதன் பக்கம் நிறுத்தினால் டயருக்கு ஆபத்தில்லை. மரத்துக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், மட்டை விழும். பங்குனியிலிருந்து பதநீரும் நுங்கும் கிடைக்கும் என்பது உபரி லாபம்.

தண்ணீர்

அரசு ஊழியரை மிரட்ட "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார்கள். அந்தக் காடு இந்த மாவட்டம்தான் என்று நெடுங்காலமாகப் பேச்சு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தபிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஆனாலும் பல ஊர்களில் குழாயில் வரும் நாளை எண்ணித்தான் குடம் நிறைகிறது. அந்தத் தெருக்குழாயில் ஹோஸைச் செருகி நூறு லிட்டர் டாங்கை நிரப்புவது அநியாயம், சண்டையும் வரும். ராமநாதபுரம் டவுனில் லாட்ஜிலோ தண்ணீர் விற்கும் இடத்திலோ காசு கொடுத்து நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். கரையோரக் கிணற்று நீர் பல இடங்களில் உவர். பாத்திரம் கழுவலாம், டாங்கில் விடாதீர்கள், பம்பும் ஹீட்டரும் படிந்துபோகும்.

கழிவை எங்கே கொட்டுவது என்று யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வெளிநாட்டில் கேரவன் பார்க்குகளில் இருக்கும் கழிவிறக்கும் வசதியை இங்கே எதிர்பார்க்காதீர்கள். வண்டியை நிறுத்தும் லாட்ஜிலேயே முன்கூட்டிக் கேட்டு, கட்டணம் பேசி, அவர்கள் கழிப்பறையில் ஊற்றுவதுதான் மரியாதை. "இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்" என்று மணலில் புதைத்தால், விடியற்காலையில் அந்த மணலில்தான் வலையை விரிப்பார்கள்.

வரும் சொந்தங்கள்

இதுதான் பெரிய சமாச்சாரம். பயணத்தின் பாதிச் சந்தோஷமும் முக்கால்வாசித் தகராறும் இதில்தான். மருமகன் போனில் சொல்வார்: "மாமா, அமாவாசைக்கே வந்துடறோம். தர்ப்பணமும் ஆச்சு, உங்களைப் பார்த்த மாதிரியும் ஆச்சு." கேட்க நன்றாக இருக்கும், சரி என்றுவிடாதீர்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றுக்கும் ராமேஸ்வரத்திலும் தேவிபட்டினத்திலும் சேதுக்கரையிலும் கூட்டம் அலைமோதும். வந்தவர்களோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது. காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி சொல்லுங்கள்.

அடுத்தது கூட்டமாக வேனில் படுக்க வைப்பது. இருவருக்கான வேன் இருவருக்குத்தான். மூத்தவன் குடும்பம், இளையவள் குடும்பம் எல்லாம் ஒரே நாளில் வந்து 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வேனுக்குத் திரும்பினால் என்ன ஆகும்? ஈர உடையோடு சன்னதிக்குள் போக முடியாது என்பதால் எல்லாரும் மாற்றுத்துணி உடுத்தியிருப்பார்கள். நனைந்த வேட்டி, சேலை, பாவாடை, துண்டு எல்லாம் வேனுக்கு வரும். கடற்காற்றில் உப்பு ஈரம் இருப்பதால் துணி காயவே காயாது. கட்டில் கம்பியில் ஒரு சேலை, ஸ்டியரிங்கில் துண்டு, அடுப்புக்கு மேலே பேரனின் டிரவுசர். மாமியார் காபி கேட்பார், அடுப்புப் பக்கம் போக வழி இருக்காது. வருகிறவர்களுக்கு மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ அறை போட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் ராமநாதபுரத்தில் இறங்கிவிடலாம், ராமேஸ்வரம் வரை போக வேண்டியதில்லை. பகலில் வேனுக்கு வரட்டும், சாப்பிடட்டும், சாயங்காலம் அறைக்குப் போகட்டும். பேரப்பிள்ளைகள் வேனில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்தால், ஒரு ராத்திரிக்கு ஒரு பிள்ளை என்று முறை வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருவதால் பிள்ளைகள் அப்போதுதான் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும். குறைவாக வரும், விலையும் ஏறியிருக்கும். "ராமேஸ்வரம் வந்தும் மீன் இல்லையா" என்று மருமகள் கேட்கும் முன் சொல்லிவைத்துவிடுங்கள். மற்ற மாதங்களில் பாம்பன் தெற்குவாடிக்கு விடிந்ததும் போனால் ஏலத்தைப் பார்க்கலாம். கூடைக்காரம்மாவிடம் "அக்கா, குழம்புக்கு எது நல்லாருக்கும்?" என்று கேட்டு வாங்குவதே உத்தமம். பெயர் தெரிந்தவர்போல் சீலா, பாறை என்று ஆரம்பித்தால் விலையும் அதற்கேற்ப ஆரம்பிக்கும். மீனை வேனுக்குள் பொரிக்காதீர்கள். அந்த வாசனை மெத்தையில் ஏறினால் ஊர் திரும்பும்வரை கூடவே வரும்.

இன்னும் சில

இது எல்லைக் கடல். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது, கடலோரக் காவல் படையும் ரோந்து வரும். ஆளில்லாக் கரையில் விளக்கை அணைத்துவிட்டு நிற்கும் வேனைக் கண்டால் கதவைத் தட்டத்தான் செய்வார்கள். ஊருக்குள் யாரிடமாவது சொல்லிவிட்டு, முடிந்தால் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஆதாரும் ஆர்.சி.யும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ட்ரோன் வேண்டவே வேண்டாம். வேனை மாற்றியமைத்ததை ஆர்.சி.யில் பதியாமல் ஓட்டுகிறவர்கள், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் திண்டாட வேண்டியிருக்கும். கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பேத்திக்கு என்று எடுத்துப் பையில் போடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை.

வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையமே இருக்கிறது. இருந்தும் உங்கள் கூரைப் பலகை சுணங்கும், காரணம் அதன்மேல் படியும் உப்புப் பிசுபிசுப்பு. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள். ஊர் திரும்பும் வழியில் பரமக்குடியிலோ மதுரையிலோ சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டு, வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் அழுத்தமாக அடித்துக் கழுவச் சொல்லுங்கள். மேலே பளபளப்பாக இருந்து அடியில் துருப்பிடித்த வண்டிகள் எத்தனையோ. முண்டு மிளகாயும் கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பும் வேனில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். கருவாடு வாங்கினால் அதை மருமகன் காரில் கொடுத்தனுப்பிவிடுங்கள்.