சேர்க்கை எல்லை மாறும்போது தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் செய்ய வேண்டியவை

தங்கள் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இதுவரை சென்றுவந்த இடைநிலைப்பள்ளிக்குப் பதிலாக இனி வேறு பள்ளிகளுக்கு அனுப்பப்படப் போகிறார்கள் என்ற செய்தி வந்தவுடன், பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் தூரத்தைப் பற்றியும் புதிய பள்ளியின் பெயரைப் பற்றியும் வாதம் எழுவது வழக்கம். இரண்டும் பேசத் தக்கவையே. ஆனால் கோலாலம்பூரில் இத்தகைய சேர்க்கை எல்லை மாற்றத்தால் நேரக்கூடிய பெரிய இழப்பு, ஒன்றாகச் செல்ல வேண்டிய பிள்ளைகள் மூன்று நான்கு பள்ளிகளுக்குச் சிதறிப்போவதுதான்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், அங்கே தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும். நாட்டில் தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளி இல்லாத நிலையில், தொடக்கப்பள்ளியில் ஆறாண்டுகள் தமிழில் படித்த பிள்ளைக்கு, ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு வரை பள்ளியில் எஞ்சியிருக்கும் தமிழ் அந்த ஒரு வகுப்புதான். ஓர் ஆண்டில் 24 மாணவர்கள் ஒரே பள்ளிக்குச் சென்றால் எண்ணிக்கை தானாகவே நிறைகிறது. அதே 24 பேர் எட்டு எட்டாகப் பிரிந்து, மேல்படிவங்களில் (இடைநிலைப்பள்ளியின் மேல் வகுப்புகளில்) தமிழ் மாணவர் ஓரிருவரே உள்ள மூன்று பள்ளிகளுக்குப் போனால் மூன்றிலும் எண்ணிக்கை குறைகிறது. அந்த 15 பேரும் ஒரே படிவத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை, பள்ளி முழுவதையும் சேர்த்தே கணக்கிடலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஆகவே புதிய பள்ளியில் ஏற்கெனவே எத்தனை தமிழ் மாணவர் படிக்கிறார்கள் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும்.

அடுத்து, முடிவெடுப்பவர் யார் என்று தெளிந்துகொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் இதில் செய்தியைச் சொல்பவர் மட்டுமே. அவரிடம் கோபித்துக்கொள்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கோலாலம்பூரில் பங்சார்-புடு, கெராமாட், செந்தூல் ஆகிய மூன்று வட்டாரக் கல்வி அலுவலகங்கள் கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகாவின் கீழ் இயங்குகின்றன. உங்கள் பள்ளி எந்த வட்டாரத்தைச் சேர்ந்ததோ அங்கேயே மனு போக வேண்டும். நகரின் வட விளிம்பில் இருப்போருக்குக் கூடுதல் சிக்கல் உண்டு. பத்துமலையும் செலாயாங்கும் சிலாங்கூரின் கோம்பாக் மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே குடியிருந்துகொண்டு பிள்ளையைக் கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் குடும்பம், வீட்டு முகவரியைக் கொண்டு இடம் ஒதுக்கப்படுமா, பள்ளியைக் கொண்டு ஒதுக்கப்படுமா என்பதை இரு தரப்பு அலுவலகங்களிலும் ஐந்தாம் ஆண்டிலேயே கேட்டுவிடுவது நல்லது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகக் கூட்டம் கூட்டும்போது ஆறாம் ஆண்டுப் பெற்றோரை மட்டும் அழைக்காதீர்கள். அவர்கள் சில மாதங்களில் பள்ளியை விட்டுப் போகிறவர்கள். மாற்றத்தின் முழுப் பாரமும் நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் மேல்தான் விழும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்வைத்து, கூட்டக் குறிப்பில் பதியச் செய்தால், பின்னர் எழுதும் கடிதத்திற்கு அது வலுச் சேர்க்கும். அரசியல் பிரமுகரை முதல் கூட்டத்திற்கே அழைத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. புகைப்படம் கிடைக்கும், கணக்கெடுப்பு நடக்காது.

கூட்டத்தில் வாதம் சூடேறுவது பாடத்திட்டத்தில்தான். அறிவியலும் ஆங்கிலமும் வலுவாக உள்ள பள்ளியே வேண்டும் என்பார் ஒருவர். தமிழ் வகுப்பு இல்லாத பள்ளி எதற்கு என்பார் மற்றொருவர். இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது தவறு என்பது என் கருத்து. இருவரும் சேர்ந்து ஒரு சிறு குழுவாகப் புதிய பள்ளியின் முதல்வரைச் சந்தித்தால் பாதி வாதம் அங்கேயே தீர்ந்துவிடும். 2020 முதல் நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப்பிரிவு என்ற பழைய பிரிவினை நீங்கி, பாடத் தொகுப்புகள் வந்துவிட்டன. ஆனால் ஒரு பள்ளி எந்தத் தொகுப்புகளை உண்மையில் நடத்துகிறது என்பது அங்குள்ள ஆசிரியர்களையும் ஆய்வுக்கூடங்களையும் பொறுத்தது. எனவே இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் ஆகிய நான்கும் ஒரே தொகுப்பில் கிடைக்குமா, அதோடு எஸ்.பி.எம். தமிழையும் எடுக்க அட்டவணை இடம் தருமா என்று சேர்த்தே கேளுங்கள். தனித்தனியே கேட்டால் இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வரும். நான்காம் படிவத்தில்தான் இரண்டும் ஒரே நேரத்தில் வைக்கப்பட்டிருப்பது தெரியும்.

தமிழ் வகுப்பு பள்ளி நேரத்திற்குள் நடக்கிறதா, முடிந்த பிறகா என்பதும் சிறிய கேள்வி அன்று. வேன் கிளம்பிய பிறகு நடக்கும் வகுப்பில் பிள்ளைகள் நீடிப்பது கடினம். கீழ்ப்படிவங்கள் பிற்பகலில் இயங்கும் பள்ளியாக இருந்தால், மாலை வீடு திரும்பும் நேரத்தையும் போக்குவரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தமிழ் இலக்கியம் எஸ்.பி.எம்.இல் தனிப்பாடம், அதைப் பல பிள்ளைகள் தன்னார்வ ஆசிரியர்களின் வார இறுதி வகுப்புகளிலேயே படிக்கிறார்கள் என்பதால், அதற்காகப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் டி.எல்.பி. எனும் இருமொழித் திட்டம் 2016இல் தொடங்கியது. அதில் சேரப் பெற்றோரின் சம்மதம் தேவை. தமிழில் அறிவியல் படித்து வரும் பிள்ளைக்கு எப்படியும் மொழி மாறத்தான் போகிறது, அது மலாய்க்கா ஆங்கிலத்துக்கா என்பதை அந்தந்தக் குடும்பமே தீர்மானிக்கட்டும். இதற்காகக் கூட்டத்தில் வாக்கெடுப்பு வேண்டாம்.

கடிதத்தை மலாயில், இரண்டு பக்கத்திற்கு மிகாமல் எழுதுங்கள். மாணவர் எண்ணிக்கை, ஒவ்வொரு குடும்பமும் வசிக்கும் பகுதி, அக்காள் அண்ணன் ஏற்கெனவே படிக்கும் பள்ளி, தமிழ் கற்க விரும்புவோர் எண்ணிக்கை ஆகியவற்றை அட்டவணையாக இணையுங்கள். 'மாற்றத்தை ரத்து செய்யுங்கள்' என்று மட்டும் கேட்காமல், 'மாற்றம் தவிர்க்க முடியாததாயின் எங்கள் பிள்ளைகள் அனைவரையும் இந்த ஒரு பள்ளிக்கே அனுப்புங்கள்' என்ற மாற்றுக் கோரிக்கையையும் வையுங்கள். அலுவலகத்தால் நிறைவேற்றக்கூடியது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அது மறுக்கப்பட்டால், தனிப்பட்ட பள்ளி மாற்ற விண்ணப்பம் மிஞ்சும். அப்போதும் ஆளுக்கொரு பள்ளியைக் குறிப்பிடாமல், இயன்றவரை ஒரே பள்ளியை முதல் தேர்வாக எழுத உடன்பட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எங்கே சேர்ந்தாலும், முதலாம் படிவத்தின் முதல் வாரத்திலேயே, மேல்படிவப் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, பிள்ளையின் பெயர், படிவம், வகுப்பு ஆகியவற்றுடன் கையொப்பமிட்ட தமிழ் வகுப்புக் கோரிக்கையை முதல்வரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.