பழைய ஷெவெல்லில் எல்எஸ் இன்ஜின் இறக்குகிறவர்கள் எங்கே சொதப்புகிறார்கள்

அமெரிக்காவில் 1968-லிருந்து 1972 வரை வந்த ஷெவர்லே ஷெவெல், அதே காலத்துக் கமாரோ, நோவா இவற்றில் ஒன்றை வைத்திருக்கும் ஒருவர் இன்ஜினை மாற்றப் போகிறேன் என்று சொன்னால், அவர் சொல்வது பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8-ஐத்தான். 1997 கார்வெட்டில் முதலில் வந்தது, 1999-லிருந்து சில்வராடோ போன்ற பிக்கப் வண்டிகளுக்குள்ளும் போனது, அதனால் இன்று அங்குள்ள காயலான் கடைகளில் தேடினால் எளிதில் கிடைக்கிறது. அந்தப் பிக்கப்புகளின் பழைய தலைமுறையில் வந்த 5.3 லிட்டர் இரும்பு பிளாக், வருடத்தைப் பொறுத்து, 270-லிருந்து 295 குதிரைசக்தி. 1970 ஷெவெல்லில் வந்த அடிப்படை வி8-க்கு 200 என்று போட்டிருப்பார்கள், அதுவும் சைலன்சர், ஃபேன் எதுவும் மாட்டாமல் மேடையில் வைத்து அளந்த பழைய கணக்கு. உண்மையான வித்தியாசம் காகிதத்தில் தெரிவதைவிடப் பெரியது.

ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் இந்த வேலையில் கெட்டுப்போகிறவர்கள் இன்ஜினால் கெடுவது அபூர்வம், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாகங்களால்தான் கெடுகிறார்கள்: சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி), பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட், பெட்ரோல் லைன், எர்த் வயர். பட்ஜெட்டும் அங்கேதான் ஓடிவிடும். இன்ஜினை மலிவாகப் பிடித்துவிட்டோம் என்று குதிக்கிறவர் அதைச் சுற்றி வாங்க வேண்டியதை இன்னும் கூட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அதற்கும் முன்னால் ஒன்று. உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ் எண்களோடு இருக்கும் அசல் எஸ்எஸ் (ஷெவர்லேயின் சக்தி கூடிய வகை) என்றால், தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். வைத்தே தீருவேன் என்றால் கழற்றிய இன்ஜினை எண்ணெய் தடவி, பிளாஸ்டிக்கில் சுற்றி ஓரமாக வையுங்கள், விற்காதீர்கள். ஷெவெல்லின் சாதாரண வகையான மாலிபு, முன்பே யாரோ இன்ஜின் மாற்றிய வண்டி, இவைதான் இந்த வேலைக்குப் பொருத்தமானவை.

வாங்கும்போதே ஆரம்பிக்கிற தவறு

இன்ஜினை மட்டும் ஒரு இடத்தில், கம்ப்யூட்டரை இன்னொரு இடத்தில், வயரிங்கை மூன்றாவது இடத்தில் என்று துண்டு துண்டாக வாங்குவதுதான் முதல் சொதப்பல். எல்எஸ் எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும், வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் கிராங்கில் சென்சார் படிக்கும் பல்சக்கரம் ஒரு சுற்றுக்குக் கொடுக்கும் துடிப்பு பழைய தலைமுறையில் 24, பிந்தையதில் பெரும்பாலும் 58. 24-க்கான கம்ப்யூட்டரை 58 இன்ஜினில் மாட்டினால் நடுவில் சிக்னல் மாற்றும் பெட்டி இல்லாமல் ஸ்டார்ட் ஆகாது. ஆக்சிலரேட்டர் கேபிள் இல்லாமல் எலக்ட்ரானிக்காக இருந்தால், பழைய தலைமுறை பிக்கப்பில் பெடல், அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, கம்ப்யூட்டர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தியதாக இருக்க வேண்டும். ஆகவே முழு வண்டியாக, இல்லையென்றால் ஒரே வண்டியிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர், பெடல் எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். வயரிங்கை வெட்டித்தான் தருவேன் என்கிற கடைக்காரரை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

சட்டென்று அடையாளம் காண ஒரு வழி உண்டு. நாக் சென்சார் இன்டேக்கின் அடியில், இரண்டு ஹெட்டுக்கும் நடுவில் புதைந்திருந்தால் பழைய தலைமுறை, பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தால் பிந்தையது. பிந்தைய 5.3-களில் பலவற்றில் ஓட்டத்தின்போது நான்கு சிலிண்டரை அணைத்துவிடும் அமைப்பு இருக்கும், அதன் லிஃப்டர்கள் (வால்வைத் தூக்குபவை) கெட்டுப்போவதற்குப் பெயர் பெற்றவை. அதை வாங்கினால் லிஃப்டரும் கேமும் மாற்றும் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

சம்ப்

பிக்கப் வண்டி உயரமானது, அதனால் அதன் ஆயில் சம்ப்பும் ஆழமானது. அதை அப்படியே ஷெவெல்லில் இறக்கினால் ஒன்று முன் கிராஸ்மெம்பரில் (சட்டத்தின் குறுக்குத் தண்டில்) இடிக்கும், இல்லையென்றால் கிராஸ்மெம்பருக்குக் கீழே தொங்கும். தொங்கினாலும் பரவாயில்லை, பார்த்து ஓட்டிக்கொள்கிறேன் என்பவர்கள் உண்டு. அது அலுமினிய வார்ப்பு, தகரம் போல நசுங்காது, ஒரு வேகத்தடையில் பட்டால் விண்டுபோகும், ஆயில் முழுக்க ரோட்டில். 1998-2002 கமாரோவின் சம்ப்பைப் பலர் போடுகிறார்கள், ஹோலி போன்ற பாகங்கள் செய்யும் கம்பெனிகள் பழைய வண்டிக்கென்றே வார்த்துத் தருவதும் உண்டு. எதைப் போட்டாலும் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, ஸ்டீயரிங்கின் நடு ராடு சம்ப்பில் உரசுகிறதா என்று படுத்துப் பாருங்கள். நேராக வைத்துப் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

சம்ப் மாறினால் ஆயில் உறிஞ்சும் குழாயும் மாறும். அது பம்ப்பில் சேருமிடத்தில் ஒரு ரப்பர் ஓ ரிங் இருக்கிறது, சில காசு பெறும். குழாயின் வாய் எந்த வகை என்பதைப் பொறுத்து ரிங்கின் தடிமன் மாறும். பழைய ரிங்கையே திரும்பப் போட்டாலோ, புதியதை ஆயில் தடவாமல் அழுத்தி ஓரம் வெட்டுப்பட்டாலோ, பம்ப் எண்ணெயோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். மீட்டரில் பிரஷர் மெதுவாக ஏறும், ஐடிலில் தொங்கும், பேரிங் போய்விட்டது என்று நினைத்து இன்ஜினையே பிரித்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போது பத்து நிமிட வேலை. வண்டிக்குள் போன பிறகு சம்ப்பைக் கழற்ற இன்ஜினையே தூக்க வேண்டி வரலாம்.

அப்புறம் பெல்ட் பக்கம். பிக்கப்பின் ஏசி கம்ப்ரஸர் பயணி பக்கம் மிகத் தாழ்வாக உட்காரும், அங்கே ஷெவெல்லின் சேசிஸ் சட்டம் வந்துவிடும். பிக்கப்பின் இன்டேக்கும் உயரம், பானட் மூடுமா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் வெறும் பிளாக்கை வைத்துப் பொருத்திப் பார்த்து, எல்லா இடைவெளியும் உறுதியான பிறகுதான் இன்ஜின் அறைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். பளபளவென்று அடித்துவிட்டு அப்புறம் கிரைண்டரை எடுக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

கியர்பாக்ஸ், அதைவிட முக்கியமாக கன்வெர்ட்டர்

பழைய டர்போ 350 ஆட்டோமேட்டிக்கையே எல்எஸ் பின்னால் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஹவுசிங் போல்ட் ஓட்டைகள் ஒன்றைத் தவிர மற்றவை பொருந்தும். ஆனால் எல்எஸ் கிராங்கின் பின்முகம் பழைய ஸ்மால் பிளாக்கைவிட ஏறக்குறைய 0.4 அங்குலம் உள்ளே இருக்கிறது. நடுவில் ஸ்பேசர் போடாமல் விட்டால் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) கிராங்கில் சரியாக மையம் கொள்ளாது, கியர்பாக்ஸின் பம்ப்பில் முழுதாகவும் நிற்காது. இத்தனைக்கும் மேல், நெடுஞ்சாலையில் இழுத்துப் பிடிக்க ஓவர்டிரைவ் கிடையாது. புது இன்ஜின் போட்டுவிட்டு மூன்று கியரோடு 3,000 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டு போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஓவர்டிரைவ் உள்ள நான்கு கியர் ஆட்டோமேட்டிக்குகளில் 4எல்60இ சாதாரண 5.3-க்குப் போதும், டர்போசார்ஜர் மாட்டுகிற எண்ணம் இருந்தால் 4எல்80இ. அது பெரியது, கனமானது, தரைச் சுரங்கத்தைக் கொஞ்சம் தட்டி விரிக்க வேண்டியிருக்கும். ஆறு கியர் மேனுவல் டி56 என்றால் வெட்டி வெல்டு வைப்பது கிட்டத்தட்ட நிச்சயம்.

ஆட்டோமேட்டிக்கில் அதிகம் காசைத் தின்னும் தவறு கன்வெர்ட்டரை முழுதாக உட்கார வைக்காமல் மாட்டுவது. அதைக் கையால் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும், ஒரு கட்டத்தில் 'டக்' என்று இறங்கும், அதோடு விடாதீர்கள், மறுபடி சுழற்றினால் இன்னொரு டக் வரும், பல வண்டியில் மூன்றாவதும் வரும். முழுதாக இறங்கியிருந்தால் ஹவுசிங் பிளாக்கோடு கையாலேயே முகத்துக்கு முகம் சேரும். சேரவில்லை, கொஞ்சம் இடைவெளி இருக்கிறது, போல்ட்டை முறுக்கி இழுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தீர்களோ, அந்த முறுக்கில் கியர்பாக்ஸின் முன் பம்ப் உடைந்துவிடும். சேர்ந்த பிறகு கன்வெர்ட்டர் தளர்வாக நின்று, கிராங்கில் மாட்டிய ஃபிளெக்ஸ் பிளேட்டைத் தொட சுமார் 1/8-லிருந்து 3/16 அங்குலம் முன்னால் இழுக்க வேண்டியிருக்க வேண்டும். இந்த அளவை எடுக்காமல் ஒரு போல்ட்டையும் இறுக்காதீர்கள்.

பின் ஆக்சிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டி56-ன் ஆறாவது கியர் 0.50, ஷெவெல்லின் பின் ஆக்சில் கியர் விகிதம் 3.08 ஆக இருந்தால், 26 அங்குல டயரோடு மணிக்கு 60 மைலில் இன்ஜின் சுமார் 1,200 சுற்றுதான் சுற்றும். உறுமும், இழுக்காது, ஆறாவது கியர் அலங்காரத்துக்குத்தான். 3.73 போட்டால் சுமார் 1,450, அது பயன்படும்.

கோணம்

60 மைலைத் தாண்டியதும் சீட்டுக்கடியில் ஒரு நடுக்கம் வருகிறது, டயர் பேலன்ஸ் பண்ணியாகிவிட்டது, ஷாஃப்ட்டையும் பேலன்ஸ் பண்ணியாகிவிட்டது, போகவில்லை. இந்தப் புகாரில் பாதிக்கு மேல் ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள யூ ஜாயிண்ட்டின் கோணம்தான் என்பது என் எண்ணம். பானட் மூட இன்ஜினை முன்னால் கொஞ்சம் இறக்கியிருப்பார்கள், சுரங்கத்தில் இடிக்காமலிருக்க வால் பக்கத்தையும் இறக்கியிருப்பார்கள், பின் ஆக்சில் மட்டும் 1970-ல் இருந்த கோணத்திலேயே நிற்கும்.

விதி இதுதான். கியர்பாக்ஸின் வெளிவரும் தண்டும் ஆக்சிலின் பினியனும் (ஷாஃப்ட் போய்ச் சேரும் கியர் தண்டு) பக்கவாட்டில் பார்த்தால் இணைகோடுகளாக இருக்க வேண்டும். வால் 3 டிகிரி கீழே சாய்ந்தால் பினியன் 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும், அப்போது இரண்டு ஜாயிண்ட்டின் ஆட்டமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு ஜாயிண்ட்டும் வேலை செய்யும் கோணம் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது, அதற்காகச் சுத்தமாகப் பூஜ்யமாகவும் ஆக்கக் கூடாது, ஊசி பேரிங்குகள் ஒரே இடத்தில் நின்று தேய்ந்துவிடும்.

இதை அளக்கும்போது வண்டி தன் எடையில், நாலு சக்கரத்தில் நிற்க வேண்டும். ஜாக்கியில் சட்டத்தைத் தூக்கி, ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அளந்த கோணமும் தவறு, ஷாஃப்ட் நீளமும் தவறு. அந்த நீளத்தைச் சொல்லி ஷாஃப்ட் வெட்டி வந்தால் ஓட்டும்போது யோக் (கியர்பாக்ஸுக்குள் நழுவும் ஷாஃப்ட்டின் முனை) உள்ளே போய் கியர்பாக்ஸில் முட்டும். முழுதாக உள்ளே தள்ளிய நிலையிலிருந்து முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வெளியே இருக்குமாறு அளந்து கொடுங்கள். அலுமினிய பிளாக் போட்டால் முன்பக்கம் எடை குறைந்து ஸ்பிரிங் உயர்ந்து நிற்கும், அதையும் சரிசெய்த பிறகே அளவு.

பெட்ரோலும் வயரும்

கார்பரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ பெட்ரோல் அழுத்தம் போதும், எல்எஸ்ஸுக்கு 58 வேண்டும். பழைய டேங்குக்கு வெளியே சட்டத்தில் ஒரு எலக்ட்ரிக் பம்ப்பைத் தொங்கவிடுவது மலிவு, ஆனால் அது சத்தம் போடும், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், டேங்கில் தடுப்பு இல்லையென்றால் வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி இன்ஜின் இருமும். உள்ளேயே பம்ப்பும் தடுப்பும் உள்ள டேங்க் வாங்குங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். 1999-2003 கார்வெட்டின் ஃபில்டருக்குள்ளேயே 58 பிஎஸ்ஐ ரெகுலேட்டர் இருக்கிறது, அதை டேங்க் அருகில் வைத்தால் முன்னே ஒரே லைன், திரும்பும் லைன் சிறியதாக முடிந்துவிடும். ரப்பர் ஹோஸ் இன்ஜெக்ஷனுக்கான தரமாக இருக்கட்டும். கார்பரேட்டர் ஹோஸ் இந்த அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டால் பெட்ரோல் போய் விழுவது சூடான எக்ஸாஸ்ட்டில்.

வயரிங்கில் இரண்டே விஷயம். ஒன்று, ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் அணைந்துவிடுகிறதா? பம்ப்பை மாற்ற ஓடாதீர்கள், கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பு இன்னும் உயிரோடு இருக்கும், பழைய வண்டியின் சாவி அதற்குத் தெரியாது. டியூன் செய்பவரிடம் அதை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு, எர்த். பெயிண்டின் மேல் போல்ட் போட்டு எர்த் கொடுத்தால் அது எர்த் இல்லை. பிளாக்கிலிருந்து சட்டம், பிளாக்கிலிருந்து பேட்டரி, பாடிக்குத் தனியாக ஒன்று, எல்லாம் உலோகம் தெரியச் சுரண்டிய இடத்தில். சென்சார் ஒன்றொன்றாகக் கெட்டுப்போகிற மாதிரி தெரிகிற மாய வியாதிகளில் பல இதிலேயே தீர்ந்துவிடும். அக்காலத்து ஆல்டர்னேட்டர் 37 அல்லது 61 ஆம்பியர், பிக்கப்பினுடையது 105-க்கு மேல், ஆகவே பழைய சார்ஜிங் வயரையே நம்பினால் அது உருகும்.

கூலிங்கில் பெரிய ரேடியேட்டர் வாங்குவதற்கு முன், ஹெட்டின் முன்பக்கத்திலிருந்து வரும் சிறிய நீராவிக் குழாயைப் பாருங்கள். அதை அடைத்துவிடுகிறார்கள், அப்புறம் காற்று உள்ளே சிக்கி மீட்டர் தாண்டவமாடுகிறது. அது ரேடியேட்டரின் மேல்பகுதிக்குப் போக வேண்டும். பிரேக் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: நாலு சக்கரமும் டிரம்மாக வந்த வண்டியில் இந்த இன்ஜினைப் போட்டு, பிரேக் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பது பைத்தியக்காரத்தனம்.

ஃபோர்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2011 மஸ்டாங்கில் வந்த 5.0 கொயோட் இன்ஜினின் தலைகள் மிக அகலம், 1960-களின் மஸ்டாங்கில் ஷாக் டவர்கள் குறுக்கே நிற்கும். அவற்றை வெட்டிவிடலாம் என்று சுலபமாகச் சொல்வார்கள், ஆனால் அந்த வண்டிக்குத் தனி சட்டம் இல்லை, முன் சஸ்பென்ஷனின் பாரம் அந்த டவர்களில்தான் இறங்குகிறது. வெட்டினால் முழு முன் சஸ்பென்ஷனையும் மாற்றியாக வேண்டும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் 1975 மாடல் வரை புகைச் சோதனைக்கு விலக்கு என்பதை நினைவில் வைத்தால் போதும். 1976 மாடலோ அதற்குப் பிந்தையதோ என்றால் இன்ஜின் வண்டியின் வருடத்தினதாகவோ அதற்குப் பிந்தையதாகவோ, அதன் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் முதலிய எல்லாவற்றோடும் இருக்க வேண்டும், மாநிலத்தின் ரெஃப்ரீ எனப்படும் சோதகரிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கழற்றி எறிந்த பாகத்தைப் பிறகு தேடி வாங்குவது பெரும் தலைவலி.

முதல் ஸ்டார்ட்டில் அவசரப்படாதீர்கள். இன்ஜெக்டரின் பியூஸைக் கழற்றிவிட்டு, பிளக்குகளையும் எடுத்துவிட்டு, மீட்டரில் ஆயில் பிரஷர் வரும் வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். வரவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஓ ரிங்கை. வந்துவிட்டது என்றால் பியூஸை மாட்டி, சாவியை ஆன் மட்டும் செய்து, 58 பிஎஸ்ஐ ஏறியதும் டேங்கிலிருந்து இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரிக்கும் ரெயில் வரை ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். கையில் தீயணைப்பான் இருக்கட்டும்.